சங்கு ஊதும்போது அம்மா எங்கே இருப்பார்?

கேள்வி: எங்கள் வீடு பெரம்பூரில். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு அடுத்த மாதம் 70 வயது முடிகிறது. மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. வீட்டுக்குள் கைத்தடி பிடித்து நடப்பார், வெளியே என்றால் வீல்சேர்தான். போன வருடம் ஒரு சொகுசுக் கப்பலில் போனோம். ஏறிய அன்றே சேஃப்டி ட்ரில் என்று எல்லாரையும் கூப்பிட்டார்கள். "அவங்க ரூம்லயே இருக்கட்டும், நீங்க வந்தாப் போதும்" என்று ஒரு பணியாளர் சொன்னார். அம்மாவை விட்டுவிட்டுப் போனோம். சங்கு ஊதியதும் அவர் பயந்து அழுதிருக்கிறார். இப்போது அம்மாவின் பிறந்தநாளுக்காக அண்ணன் மறுபடி சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் எல்லாருக்கும் டிக்கெட் போடுகிறார். டிராவல் ஏஜென்ட், "ஃபார்ம்ல உடம்பைப் பத்தி எதுவும் எழுதாதீங்க, தேவையில்லாம கேள்வி கேப்பாங்க" என்கிறார். அண்ணனோ, "நாலு பேர் இருக்கோம், தூக்கிக்கலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாதாமே? நிஜமாகவே ஏதாவது நடந்தால் அம்மாவை என்ன செய்வார்கள்? இந்த முறையும் அவர் ட்ரில்லுக்கு வராமல் இருக்கலாமா?

— பெரம்பூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா ட்ரில்லுக்கு வரத்தான் வேண்டும். ஃபார்மில் எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும். ஏஜென்ட் டிக்கெட்டில் ஏதாவது குறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த யோசனையை மட்டும் வாங்காதீர்கள். 28 வருடம் பயணிகள் கப்பல்களில் பாதுகாப்பு வேலை பார்த்தவன் நான். அந்த வேலையில் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தவர்கள், 'சமாளிச்சுக்கலாம்' என்று எதையும் எழுதாமல் ஏறிய குடும்பத்தினர்தான்.

அந்த ஃபார்ம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். கடலில் உயிர்காப்புக்கென்று 'சோலாஸ்' என்றொரு பன்னாட்டு ஒப்பந்தம் இருக்கிறது. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் முதல் முறையாக எழுதப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1974-ல் எழுதி, அவ்வப்போது திருத்திவருவது. அதன் 3-வது அத்தியாயத்தில் 27-வது விதி, கப்பலில் இருக்கும் ஆட்களைக் கணக்கெடுப்பது பற்றியது. அவசர நேரத்தில் தனக்குத் தனிக் கவனிப்போ உதவியோ வேண்டும் என்று தெரிவித்த பயணிகளின் விவரத்தைப் பதிவு செய்து, கப்பல் கிளம்பும் முன்பே கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது அந்த விதி. 'தெரிவித்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாருக்கு முடியவில்லை என்று அவர்களாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதில் இல்லை. நீங்கள் சொன்னால்தான் அம்மா பட்டியலில் இருப்பார்.

பட்டியலில் இருந்தால் என்ன லாபம்? அபாய மணி அடித்ததும், படியிறக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எந்தக் கேபின் கதவுக்கு ஓட வேண்டும் என்பது உதவிக் குழுவுக்கு முன்பே தெரிந்திருக்கும். பட்டியலில் இல்லையென்றால், ஒவ்வொரு கேபினாகத் திறந்து பார்த்துக்கொண்டு வரும் பணியாளர் உங்கள் கதவுக்கு வரும்வரை உள்ளே ஒரு அம்மா இருப்பது யாருக்கும் தெரியாது. வருவார்கள், கண்டுபிடிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கண்டுபிடித்த பிறகுதான் "நாற்காலி எங்கே, ஆள் எங்கே" என்று வாக்கி டாக்கியில் கூப்பிட வேண்டியிருக்கும். அந்த இடைவெளியைத்தான் உங்கள் ஏஜென்ட் உண்டாக்கச் சொல்கிறார், தெரியாமல்.

அவர் பயப்படுவதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எழுதினால் கேள்வி வரும். டாக்டர் கடிதம் உண்டா, துணைக்கு யார் வருகிறார்கள், வீல்சேர் எவ்வளவு அகலம், மடக்க முடியுமா, பேட்டரி வண்டியென்றால் என்ன பேட்டரி என்றெல்லாம் கேட்பார்கள். வீல்சேர் நுழையும் கேபின்கள் எந்தக் கப்பலிலும் சொற்பம்தான். தீர்ந்துவிட்டால் வேறு தேதி பாருங்கள் என்பார்கள். ஏஜென்டுக்கு இது நாலு போன் கூடுதல் வேலை. உங்களுக்கோ இந்தக் கேள்விகளெல்லாம் துறைமுகத்துக்குப் போன பிறகு வருவதைவிட வீட்டில் இருக்கும்போதே வருவது மேல். ஃபார்மில் அதற்கான இடமே இல்லையென்றால் கப்பல் நிறுவனத்துக்கு நேராக மெயில் போடுங்கள். பதிலை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அந்தப் பணியாளர் உங்களிடம் சொன்னது தவறு. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். கூட்டத்தில் அம்மாவை அலைய வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். கூட்டம் தாங்காத பயணிக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாம், நானே பலருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்றும் சொல்லாமல் அறையில் உட்கார வைத்துவிட்டு மணியை மட்டும் அடிப்பது, அவருக்குப் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு வழியைச் சொல்லாமல் விடுவதுதான். அம்மா அழுததில் ஆச்சரியமே இல்லை.

ட்ரில்லை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2012 ஜனவரி 13 இரவை எங்கள் தொழிலில் யாரும் மறக்க முடியாது. இத்தாலியின் ஜிக்லியோ தீவுக்குப் பக்கத்தில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் உரசிச் சாய்ந்தது. 4,200-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிட்டவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 700 பேருக்கு ட்ரில்லே நடந்திருக்கவில்லை. அதில் அன்றைய சட்டப்படி குற்றம் ஒன்றும் கிடையாது. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது, மறுநாளைக்கு வைத்திருந்தார்கள். அந்த மறுநாள் வரவில்லை. அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ட்ரில் முடிந்தாக வேண்டும்.

கப்பல் விபத்தெல்லாம் வெளியூர்ச் செய்தி என்று அண்ணன் சொன்னால், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரத்தை அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1985-ல் கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அந்தப் பயணிகள் சேவையும் அதோடு நின்றது.

சரி, லிஃப்டுக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். தீ என்றால் லிஃப்ட் போகும் குழாய் வழியே புகை ஏறும்; மின்சாரம் போனால் பெட்டி நடுவில் நிற்கும். அதனால் ஆபத்து நேரத்தில் பயணிகள் லிஃப்டைத் தொடக்கூடாது. ட்ரில் அன்று மட்டும் நடக்க முடியாதவர்களுக்காகப் பெரும்பாலும் ஓடவிடுவார்கள். இதுதான் ஏமாற்றும். லிஃப்டில் ஜம்மென்று இறங்கி, கூடுமிடத்தில் (ஆபத்து என்றால் பயணிகள் வந்து சேர வேண்டிய இடம்) உட்கார்ந்து, லிஃப்டிலேயே திரும்பி வந்துவிட்டு, 'ட்ரில் முடிஞ்சுது' என்று குடும்பமே நினைத்துக்கொள்ளும். அம்மா நிஜத்தில் போகப்போகும் வழியில் ஒரு அடிகூட வைத்திருக்க மாட்டார்.

அந்த வழி படிக்கட்டுதான். படியிறக்கும் நாற்காலி என்றேனே, அது பின்பக்கம் சறுக்குப் பட்டை வைத்த மடக்கு நாற்காலி. ஆளை உட்கார வைத்து பெல்ட் போட்டால், பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, படி விளிம்புகளில் பட்டை உரசிக்கொண்டு மெதுவாக இறங்கும். முன்னால் ஒருவர் துணைக்கு. உங்கள் அண்ணன் கவனிக்க வேண்டியது இது: அந்த நாற்காலி இறங்குவதற்குச் செய்தது. ஏற வேண்டுமென்றால் ஆட்கள் தூக்கத்தான் வேண்டும், ஒவ்வொரு படியாக, மூன்று நான்கு பேர் சேர்ந்து. அதனால் கேபின் எடுக்கும்போதே, கூடுமிடம் எந்த டெக்கில் இருக்கிறது என்று கேட்டு, அதே டெக்கிலோ அதற்கு ஒரு மாடி மேலேயோ எடுங்கள். கீழ் டெக்கில் விலை குறைவாக இருக்கும், ஆட்டமும் குறைவாக இருக்கும். ஆனால் அங்கிருந்து அம்மாவை மேலே ஏற்ற வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்தை புக்கிங் சமயத்தில் யாரும் யோசிப்பதில்லை.

அண்ணன் தூக்குவதாகச் சொல்வதை நான் கேலி செய்யவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முதியவர்களைத் தூக்கி இறக்கிப் படகில் ஏற்றியதைப் பார்த்திருப்பீர்கள். தூக்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: உறவுக்காரர்கள் பாசத்தில் தூக்குவார்கள், அக்குளில் கைகொடுத்து இழுப்பார்கள். பக்கவாதம் வந்த தோள்பட்டைக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது, மூட்டு நழுவிவிடும். அதோடு கப்பல் படிக்கட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். நாலு பேர் சேர்ந்து ஒருவரை அதில் தூக்கிக்கொண்டு போனால் மொத்த வரிசையும் நிற்கும். ஒருவர் மட்டும் அம்மாவோடு இருப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், அனேகமாக நீங்கள்தான். அண்ணனும் அண்ணியும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கூடுமிடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே தலை எண்ணுவார்கள். அம்மாவும் நீங்களும் இன்னும் கேபினில்தான் இருக்கிறீர்கள் என்று அண்ணன் அங்கே ஒரு வார்த்தை சொன்னால், தூக்குவதைவிட அது பெரிய உதவி.

இதிலேயே நான் ஒரு முறை கோட்டை விட்ட கதையும் இருக்கிறது. ஒரு கப்பலில் ஊழியர்களுக்கான பயிற்சி. பட்டியலில் ஒரு கேபின், வீல்சேரில் ஒரு பாட்டி. பயிற்சிக்கு உதவுகிறேன் என்று அவரே சம்மதித்திருந்தார். எங்கள் குழு நாற்காலியோடு மூன்று நிமிடத்தில் கதவில் நின்றது. எனக்கு ஒரே பெருமை. கதவைத் திறந்தால் பாட்டி இல்லை. 9-வது டெக்கில் மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார், நீச்சல் குளத்துப் பக்கம், நிழலில். யோசித்துப் பாருங்கள், கப்பலில் போகிறவர்கள் பகலெல்லாம் கேபினிலா அடைந்து கிடப்பார்கள்? குழு கேபினுக்குத்தான் வரும். மணி அடிக்கும்போது அம்மா சாப்பாட்டு ஹாலில் இருந்தால் கேபினுக்குத் திரும்பாதீர்கள். பக்கத்தில் நிற்கும் பணியாளரைக் கூப்பிட்டு, "இவருக்குப் படி இறங்க உதவி வேண்டும், கேபின் எண் இது" என்று சொல்லுங்கள். கேபினுக்குப் போன குழுவை அவர் திருப்பிவிடுவார். லைஃப் ஜாக்கெட் கேபினில் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், கூடுமிடத்தில் உபரி இருக்கும்.

இப்போது ட்ரில் நாள். 2020-க்குப் பிறகு பல கப்பல்களில் பழைய மாதிரி எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்டுவதில்லை. போனிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்கள் வசதிப்படி கூடுமிடத்துக்குப் போய் கார்டைக் காட்டினால் பதிவு செய்துகொள்வார்கள். உங்கள் கப்பலில் இந்த முறை என்றால் ஏறியதும் முதல் வேலையாக முடித்துவிடுங்கள், கூட்டம் இருக்காது. பழைய முறை என்றால் கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் முன்கூட்டியே சொல்லி, பத்து நிமிடம் முன்னதாக அம்மாவை அழைத்துப்போய் உட்கார வையுங்கள். கூடுமிடத்தின் எழுத்தோ எண்ணோ கேபின் சாவி அட்டையிலும் கதவின் உள்பக்கத்திலும் போட்டிருக்கும். அது முடிந்ததும் அதோடு விடாமல், "படியிறக்கும் நாற்காலியை இவருக்கு ஒரு தடவை காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். முதல் ஆள் முழிப்பார். பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு இப்படிக் கேட்கிற பயணி கிடைப்பது அபூர்வம், சந்தோஷமாக வந்து காட்டுவார்கள். அம்மா அதில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பெல்ட் போட்டுப் பார்த்தால் போதும். மூடிய கண்ணோடு இருட்டில் முதல் முறையாக அதில் ஏறுவதும், 'இது அந்த நாற்காலி' என்று தெரிந்து ஏறுவதும் ஒன்றல்ல.

இன்னொன்று. ட்ரில் நடக்கும்போது கப்பல் பெரும்பாலும் துறைமுகத்துக்குள்ளேதான் நிற்கும். சென்னைத் துறைமுகம் கடலுக்குள் சுவர் கட்டி உண்டாக்கியது. சுவருக்குள்ளே தண்ணீர் சும்மா கிடக்கும், கப்பலின் தரை நம் வீட்டுத் தரை மாதிரி இருக்கும். சுவரைத் தாண்டினால்தான் வங்கக் கடல் தன் வேலையைக் காட்டும். அதனால் மறுநாள் காலை, நடுக்கடலில், அம்மாவோடு அதே வழியில் படிக்கட்டு வாசல் வரைக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். வழியில் இருக்கும் நெருப்புத் தடுப்புக் கதவுகளைப் பாருங்கள். சாதாரண நேரத்தில் சுவரோடு ஒட்டித் திறந்திருக்கும். மணி அடித்தால் தானாக மூடிக்கொள்ளும். தள்ளினால் திறக்கும், ஆனால் கனம். கைத்தடியோடு ஒரு கையில் அதை அம்மாவால் தள்ள முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளலாம். கிளம்பும் முன் கைத்தடியின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கேபின் சாதாரணக் கேபின் என்றால் பாத்ரூம் வாசலில் உயரமான தடுப்பு இருக்கும். அவசரமே இல்லாத நாளில் வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

லைஃப் ஜாக்கெட்டை அம்மாவுக்கு உட்கார்ந்த நிலையில் போட்டுப் பழக்குங்கள். வீட்டில் சட்டை மாட்டும் அதே முறைதான்: பலவீனமான கை முதலில். தலை வழியாக மாட்டும் ரகம் என்றால் அந்தத் தொல்லையும் இல்லை, இடுப்புப் பட்டைதான் நாற்காலி முதுகில் சிக்கும். கொஞ்சம் முன்னால் சாயச் சொல்லிவிட்டுச் சுற்றுங்கள். உடம்பு கனமானவர் என்று தயங்க வேண்டாம். 140 கிலோ வரை உள்ளவருக்குப் பொருந்தும்படி ஜாக்கெட்டோ கூடுதல் பட்டையோ இருக்க வேண்டும் என்பது விதி.

ஒரு அட்டை எழுதி லேமினேட் செய்து அம்மாவின் கழுத்திலோ வீல்சேரிலோ மாட்டிவிடுங்கள். கப்பல் ஊழியர்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆட்கள் நிறைய இருப்பார்கள், பொது மொழி ஆங்கிலம். அதனால் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: இடது கையைப் பிடித்து இழுக்கக்கூடாது; நிற்க வைக்கும்போது பலவீனமான இடது பக்கம் நில்லுங்கள்; பேசுவது புரியும், பதில் சொல்ல நேரமாகும் — உங்கள் அம்மாவுக்கு எது பொருந்துமோ அது. கூடவே இரண்டு மூன்று வார்த்தை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். 'ஸ்லோ', 'பெயின்', 'வெயிட்' போதும். தூக்குகிறவர்களிடம் தானே பேச முடிகிறது என்ற தைரியம் வரும்.

லைஃப் போட் வரை போக வேண்டிவந்தால்? மணி அடித்ததுமே படகில் ஏறுவதில்லை. மணி என்றால் கூடுமிடத்துக்கு வாருங்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அங்கே உட்கார்ந்துவிட்டு, நிலைமை சரியானதும் கேபினுக்குத் திரும்புவதே வழக்கம். கப்பலைக் கைவிடுவதென்றால் கேப்டன் தனியாக உத்தரவு கொடுப்பார். அப்போது வீல்சேர் படகில் ஏறாது, அதற்கு இடம் கிடையாது. அம்மாவைக் கைமாற்றி ஏற்றுவார்கள். எழுந்து நிற்க முடியாதவரை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி ஏற்றும்படி படகு அமைந்திருக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது. உள்ளே நெருக்கமான பெஞ்சுகள், வழக்கமான படகில் 150 பேர் வரை உட்காருவார்கள். பாத்ரூமை எதிர்பார்க்காதீர்கள். சிறு பை ஒன்றில் இரண்டு நாள் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை முக்கியமாக, மூக்குக்கண்ணாடி, ஒரு சால்வை, ஒன்றிரண்டு டயப்பர் போட்டுக் கட்டில் பக்கத்தில் மாட்டிவையுங்கள். மாத்திரைப் பெட்டியைப் பெரிய சூட்கேஸில் வைத்துவிட்டுத் தேடாதீர்கள்.

கடைசியாக, அம்மாவின் பயம். அதற்கு மருந்து பெரம்பூரிலேயே இருக்கிறது. இத்தனை வருடம் ஐ.சி.எஃப். சங்கைக் கேட்டுத்தானே அப்பாவுக்கு டிபன் கட்டியிருப்பார்? எந்தச் சங்கு எதற்கு என்று அவருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பல் சங்கின் கணக்கை மட்டும் சொல்லுங்கள்: ஏழு குட்டை, அப்புறம் ஒரு நெட்டை. ஏழுக்கு மேலேகூட ஊதலாம், கடைசியில் நீளமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற நேரத்தில் துறைமுகத்தில் ஒன்றோ இரண்டோ ஊதினால் அது கப்பல் கப்பலோடு பேசிக்கொள்வது, நமக்கில்லை. ட்ரில்லின்போது அம்மாவையே விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்துவிட்டு, "இப்ப யார் வருவாங்க?" என்று கேட்பார். நாற்காலி எடுத்துக்கொண்டு வரப்போகிற பையனின் பெயரை அதற்குள் நீங்கள் கேட்டு வைத்திருங்கள்.